ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அன்சாக் ஹில்: காலையா மாலையா? மாமனாரோடு போகிறோம்

வேலூர்க்காரி:
வணக்கம். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் சிட்னியிலிருந்து, ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் (13, 9), ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார். மாமனாருக்கு 72 வயது. மெட்ராஸ் ரெஜிமென்டில் 24 வருடம் இருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் "இங்கே போர் நினைவுச் சின்னம் எங்கே இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். ஆலிஸில் குன்றின் மேலேயே ஒன்று இருக்கிறது, ஊர் முழுக்கத் தெரியும் என்று சொன்னதும், உலுரு என்ற பெரிய செம்பாறையைக்கூட மறந்துவிட்டார்.

கேள்விகள்: காலையில் போவதா, மாலையிலா? அவரால் ஏற முடியுமா? முழங்கால் அவ்வளவு சரியில்லை. நாங்கள் இருக்கும் நாட்களில் ஏப்ரல் 25, அன்சாக் நாள் வருகிறது (அன்சாக் என்றால் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்கள்; அவர்களை நினைவுகூரும் நாள்). அன்றைக்குப் போனால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வோமா?

கங்காரு கந்தசாமி:
அடிலெய்டிலிருந்து காரிலேயே போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 1500 கிலோமீட்டர், இரண்டு நாள். என்னை மாதிரி செய்யாதீர்கள், விமானமே நல்லது.

ஏறுவதற்கு இரண்டு வழி. வில்ஸ் டெரஸ் பக்கம் அடிவாரத்திலிருந்து 'லயன்ஸ் வாக்' என்று ஒரு நடைபாதை. சின்னக் குன்றுதான், ஆனால் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவருக்கு வேண்டாம். இன்னொரு பக்கம் ஸ்டூவர்ட் ஹைவேயிலிருந்து தார்ச்சாலை உச்சி வரை போகிறது, மேலேயே காரை நிறுத்தலாம். கட்டணம் கிடையாது.

மாலைதான் என் ஓட்டு. ஏப்ரல் கடைசியில் ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சூரியன் இறங்கிவிடும். ஐந்தரைக்கே போய் இடம் பிடியுங்கள். சிட்னி நேரத்துக்கு அரை மணி பின்னால் என்பதை மறக்காதீர்கள். நான் சிட்னி நேரத்தில் இருந்த கைக்கடிகாரத்தை மாற்றாமல் அரை மணி முன்னாலேயே போய் நின்று ஈக்களுக்குப் பந்தி பரிமாறினேன்.

இன்னொன்று. உலுரு ஆலிஸுக்குப் பக்கத்தில் இருப்பதாக நம்மவர்கள் பலர் நினைத்துக்கொண்டு டிக்கெட் போடுகிறார்கள். சாலை வழியில் சுமார் 450 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரை அளவு தூரம், வழியில் நம்மூர் மாதிரி டீக்கடைகள் கிடையாது.

நீலமலை:
உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு மேடு, ஒரு வெள்ளைத் தூண், நாலு கொடிக்கம்பம். கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். கீழே தெரிவது சூப்பர் மார்க்கெட் கூரையும் கார் நிறுத்துமிடமும். அந்த நேரத்தில் டெசர்ட் பார்க் என்ற பாலைவன விலங்குப் பூங்காவுக்குப் போங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மருதாணி:
நீலமலை, நீங்கள் பார்த்ததும் சரிதான். எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால் கூரைதான் தெரியும்.

நான் அந்த ஊரில் செவிலியராக மூன்று வருடம் இருந்தேன். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே அந்த மேட்டுக்குப் போய் உட்காருவது வழக்கம். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் தெற்கே பாருங்கள். மெக்டோனல் மலைத்தொடர் கிழக்கு மேற்காக ஒரு மதில் மாதிரி நிற்கும். அந்த மதிலில் ஒரே ஒரு இடத்தில் வாசல் வெட்டியது போல ஒரு பிளவு. அதுதான் ஹெவிட்ரீ கேப். அந்த மண்ணின் பழங்குடிகளான அரெர்ண்டா மக்கள் அதை ந்தாரிப்பே என்பார்கள். ஆறு, ரயில், நெடுஞ்சாலை மூன்றும் அந்த ஒரே வாசலில் நெருக்கிக்கொண்டு போகும். அங்கே நின்று பார்த்தால், இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பெயர் வைத்த நில அளவையாளர் தான் படித்த இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துவிட்டுப் போனார், அது வேறு கதை.

ஆறு என்றேன், தண்ணீரைத் தேடாதீர்கள். டாட் ஆறு பெரும்பாலான நாட்களில் வெறும் மணல். வருடத்துக்கு 280 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிற ஊர். அந்த மணலில் ஆகஸ்டில் படகுப் போட்டி நடத்துவார்கள்! அடியில்லாத படகைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 1962லிருந்து நடக்கிறது. 1993ல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் போட்டியை ரத்து செய்தார்கள். மூன்று தடவை டாட் ஓடுவதைப் பார்த்தால்தான் நீ இந்த ஊர்க்காரி என்பார்கள். நான் இரண்டோடு கிளம்பிவிட்டேன்.

மேற்கே மவுண்ட் கில்லன். விடியற்காலையில் முதல் வெளிச்சம் அதன் முகத்தில்தான் விழும். முதலில் சாம்பல், பிறகு ஊதா, அப்புறம் செங்கல் நிறம். கந்தசாமி அண்ணா மாலை என்கிறார். நான் காலைக் கட்சி. காலையில் ஈக்களும் எழுந்திருக்காது.

வேலூர்க்காரி:
மருதாணி அக்கா, படிக்கும்போதே போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது. இன்னொரு சங்கடமான கேள்வி. ஆலிஸ் பற்றிச் செய்திகளில் வருவதைப் பார்த்து வீட்டுக்காரர் பயப்படுகிறார். இருட்டில் அந்தக் குன்றுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கங்காரு கந்தசாமி:
பயப்படும்படி எங்களுக்கு எதுவும் நடக்கவில்லை. காரில் பை, மடிக்கணினி எதையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். இது எந்த ஊருக்கும் பொருந்தும். சூரியன் இறங்கிய பிறகு குன்றில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம், கூட்டம் இறங்கும்போது சேர்ந்து இறங்கிவிடுங்கள்.

மருதாணி:
பிரச்சினை இல்லை என்று சொன்னால் பொய். 2024 மார்ச்சில் ஊரின் மையப் பகுதியில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரவு ஊரடங்கே போட்டார்கள். அந்த அளவுக்குப் போனது. ஆனால் அங்கே இரவில் சுற்றுகிற பிள்ளைகளைத் திருடர்கள் என்று மட்டும் நினைக்க என்னால் முடியாது. அவர்களில் பாதிப் பேரின் பாட்டிகளுக்கு நான் டயாலிசிஸ் ஊசி போட்டிருக்கிறேன். கூட்டம் இருக்கும் நேரத்தில் போங்கள், ஒன்றும் ஆகாது. ஏப்ரல் 25 விடியற்காலை என்றால் பாதி ஊரே அந்தக் குன்றில்தான் இருக்கும், கவலையே வேண்டாம்.

ஏட்டுச்சுரைக்காய்:
மாமனார் ராணுவத்துக்காரர் என்பதால் வரலாறு கேட்பார். கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூணைத் திறந்தது 1934 ஏப்ரல் 25. ஹாரி கிரிஃபித்ஸ் என்ற பாதிரியார் முன்னின்று செய்த வேலை. அப்போது ஊரில் இருந்ததே சில நூறு பேர். 'ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்' என்ற பெயரே அதற்கு முந்தைய வருடம்தான் அதிகாரபூர்வமானது, அதுவரை 'ஸ்டூவர்ட்'. ஆலிஸ் என்பது தந்தித் துறைத் தலைவர் சார்லஸ் டாடின் மனைவி பெயர். ஆற்றுக்கு அவர் பெயர், ஊற்றுக்கு மனைவி பெயர். இரண்டிலும் தண்ணீரைத் தேட வேண்டியிருக்கிறது.

முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காகக் கட்டியது. பிறகு இரண்டாம் உலகப் போர், கொரியா, மலாயா, வியட்நாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இரண்டாம் போர் இந்த ஊரையே மாற்றிவிட்டது. 1942 பிப்ரவரி 19ல் ஜப்பானியர்கள் டார்வினில் குண்டு போட்டார்கள், 230 பேருக்கு மேல் செத்தார்கள். வட பிரதேச நிர்வாகம் அப்படியே ஆலிஸுக்கு வந்து இறங்கியது. தெற்கிலிருந்து 1929ல் வந்த ரயில் அப்போது ஆலிஸோடு முடிந்தது. வடக்கு ரயில் டார்வினிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே நின்றுவிட்டது. நடுவில் ஆயிரம் கிலோமீட்டர் வெறும் நிலம். அந்த இடைவெளியை லாரிகள்தான் நிரப்பின. ஆள், வெடிமருந்து, ரொட்டி எல்லாம் ஆலிஸில் ரயிலிலிருந்து இறக்கி லாரியில் ஏற்றப்பட்டன. குன்றிலிருந்து வடக்கே போகும் ஸ்டூவர்ட் ஹைவே போர்க்காலத்தில் போட்ட சாலை. மாமனாரிடம் "இது சப்ளை லைன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மிச்சத்தை அவரே உங்களுக்கு விளக்குவார்.

அந்த ரயிலின் பெயர் 'கான்'. ரயிலுக்கு முன்னால் ஒட்டகங்களோடு சரக்கு கொண்டுபோனவர்களை மொத்தமாக 'ஆப்கான்கள்' என்றார்கள். அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்.

மருதாணி:
ஏட்டுச்சுரைக்காய் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த மேடு 1934ல் ஆரம்பிக்கவில்லையே. அதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது, எழுத்தில் உன்டியெயெட்வெலியெ மாதிரி வரும். ஊர்க்காரர்கள் வாயில் அது இதைவிடச் சுருக்கமாக, அழகாக வரும். என்னால் கடைசி வரை சரியாகச் சொல்ல முடியவில்லை. கார்க்வுட் மரத்தின் கனவுக்கதைக்கு (பழங்குடியினரின் படைப்புக் கதை) உரிய இடம் அது. அங்கே ஒரு பெண் தனியாக வாழ்ந்தாள், விதைகளை அரைத்து அடை செய்தாள் என்று கதை போகும். பொதுவில் சொல்லக்கூடிய பகுதி அவ்வளவுதான்.

நான் அங்கே போன புதிதில் இதெல்லாம் தெரியாது. தூணுக்குக் கீழே உட்கார்ந்து டப்பாவில் இருக்கும் எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிடுவேன். ஒருநாள் என் வார்டில் இருந்த ஒரு அரெர்ண்டா பாட்டி, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். அந்த மேட்டிலிருந்து என்றேன். "நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊருக்குள்ளேயே வரக்கூடாது" என்றார். வயதானவர் ஏதோ குழப்பத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் அப்படியே உண்மை. 1928லிருந்து 1964 வரை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பழங்குடி மக்களுக்குத் தடை செய்யப்பட்ட பகுதி. அனுமதி இருந்தால்தான் உள்ளே. தூண் எழுந்தது 1934. அதாவது, யாருடைய மேட்டில் கட்டினார்களோ அவர்கள் திறப்பு விழாவுக்கு வர அனுமதிச் சீட்டு வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத விஷயம். 1928 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஆலிஸுக்கு வடமேற்கே சுமார் 250 கிலோமீட்டரில் கோனிஸ்டன் பகுதியில் ஒரு படுகொலை. டிங்கோ என்ற காட்டு நாயைப் பிடிக்கிற ஒரு வெள்ளைக்காரரைக் கொன்றதற்குப் பழி என்று சொல்லி, வார்ல்பிரி, அன்மாட்யெரெ, கேடிட்ஜ் மக்களைச் சுட்டார்கள். அரசு விசாரணையின் கணக்கு 31. அந்த மக்களின் கணக்கு அதைவிடப் பல மடங்கு. விசாரணை யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. அந்தக் குழுவை நடத்திய போலீஸ்காரர் ஜார்ஜ் மர்ரே. அவர் முதல் உலகப் போரில் துருக்கியின் கல்லிப்போலியில் சண்டை போட்டவர். அன்சாக்.

ஆறு வருடம் கழித்து அன்சாக்குகளுக்குத் தூண்.

நேர்கோடு:
ஒரு அம்மா மாமனாரை அழைத்துக்கொண்டு போக வழி கேட்டார். அதில் படுகொலை எங்கிருந்து வந்தது? நாம் இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள். அவர்கள் நாட்டுக்காக உயிர் விட்டவர்களுக்கு ஒரு தூண் வைத்திருக்கிறார்கள், மரியாதையாகப் பார்த்துவிட்டு வரலாம். 18 வயதுப் பையன்கள் கல்லிப்போலி கரையில் செத்தார்கள். அவர்கள் யாரையும் கோனிஸ்டனில் சுடவில்லை.

மருதாணி:
அந்தப் பையன்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லையே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினர் முதல் போரில் சண்டை போட்டார்கள், சேர்க்கக்கூடாது என்ற விதி இருந்தும். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மற்ற சிப்பாய்களுக்குக் கிடைத்த நிலம் கிடைக்கவில்லை. அவர்களும் அந்தத் தூணில்தான் இருக்கிறார்கள். மரியாதை என்றால் எல்லாம் தெரிந்தே தலை குனியலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

பனங்காய்:
நான் மெல்பேர்ணில் இருக்கிறேன், பூர்வீகம் யாழ்ப்பாணம் கோப்பாய். நேர்கோடு அண்ணை சொல்வதில் ஒன்று உண்மை, விருந்தாளி மாதிரி வந்தவர்கள் நாங்கள். ஆனால் நினைவிடம் என்றால் எங்களுக்குச் சும்மா கல் இல்லை. எங்கள் ஊரில் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லத்தை இடித்து அதன் மேலே ராணுவ முகாம் கட்டினதைப் பார்த்தவர்கள் நாங்கள். யாருடைய பெயரைக் கல்லில் வெட்டலாம், யாருடையதை வெட்டக்கூடாது என்று ஒருத்தர் முடிவு செய்கிறார் என்பது எங்களுக்குப் புதுக்கதை இல்லை.

போன வருடம் ஆலிஸ் போனபோது அந்தக் குன்றில் நான் அதிக நேரம் பார்த்தது தூணை இல்லை, கொடியை. கறுப்பு, சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம். பழங்குடியினர் கொடி அங்கே பறக்கிறது. அது சும்மா ஏறவில்லை, பல வருட இழுபறிக்குப் பிறகு 2018ல் நகராட்சி மன்றம் வாக்கெடுத்துத்தான் ஏறியது. அந்தக் கொடியை 1971ல் வரைந்த ஹரோல்ட் தாமஸ் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். பிறந்த ஊரின் மேட்டில் அவர் கொடி ஏற ஏறக்குறைய ஐம்பது வருடம்.

நீலமலை:
நான் 2016ல் போனேன். அப்போது அந்தக் கொடி இல்லை. இருந்ததா என்று கவனிக்கக்கூடத் தோன்றவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர்:
நல்ல உரையாடல், இப்படியே போகட்டும். தனிப்பட்ட சாடல் வேண்டாம். தலைப்பு பயணம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
பயணத்துக்கே வருகிறேன். குன்றின் அடிவாரத்தில் ஆர்.எஸ்.எல். என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளப் இருக்கிறது, உள்ளே சின்ன அருங்காட்சியகம். மாமனாரை அங்கே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் சாப்பிடப் போகலாம். வெளியே வர மாட்டார்.

கோனிஸ்டன் பற்றி ஒரு தகவல் மட்டும். அங்கே நினைவிடமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2003ல் யுர்க்குரு என்ற இடத்தில், அந்த டிங்கோக்காரர் கொல்லப்பட்ட நீர்நிலைக்குப் பக்கத்தில், ஒரு கல் வைத்தார்கள். 2018ல் வட பிரதேச போலீஸ் ஆணையர் நேரில் மன்னிப்புக் கேட்டார். மண் சாலை, சுற்றுலாப் பேருந்து எதுவும் போகாது.

வேலூர்க்காரி:
போய்விட்டு வந்துவிட்டோம். பத்து நாளாகிவிட்டது, துணி துவைக்கவே நேரம் சரியாக இருந்தது. சொன்னபடி எழுதுகிறேன்.

இரண்டு தடவை ஏறினோம். முதல் நாள் மாலை காரில். கந்தசாமி அண்ணா, ஈ விஷயத்தில் நீங்கள் சொன்னது குறைவு. முகத்துக்கு வலை வாங்கினேன். மாமனார் போட மறுத்துவிட்டார். "நான் ராஜஸ்தான்ல மூணு வருஷம் இருந்தவன்" என்றார். பத்து நிமிடத்தில் என் வலையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஹெவிட்ரீ கேப்பை மருதாணி அக்கா சொன்ன மாதிரிக் காட்டினேன். அவர் பார்த்த பார்வையே வேறு. "இந்த வாசல்ல ஒரு மெஷின்கன் போதும், முழு ஊரையும் பிடிச்சுடலாம்" என்றார். சின்னவன் உடனே எங்கே, எப்படி என்று கேட்க, இருட்டும் வரை இருவரும் குச்சியால் தரையில் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சூரியன் மறைவதைத் தனியாகப் பார்த்தேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

25ஆம் தேதி விடியற்காலை நாலரைக்கு எழுந்தோம். காரைக் கீழேயே விட்டுவிட்டு நடந்தோம். நடைபாதை வேண்டாம் என்று தார்ச்சாலையிலேயே மெதுவாக. நல்ல குளிர். இருட்டில் முன்னால் போகிறவர்களின் மூச்சுப் புகை மட்டும் தெரிந்தது. இவ்வளவு கூட்டம், ஆனால் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நம்மூர்க் கூட்டம் தெரிந்த எனக்கு அதுதான் முதல் ஆச்சரியம். ரோஸ்மேரி இலைக் கொத்து ஒன்றை ஒரு பெரியம்மா மாமனாரின் சட்டையில் குத்திவிட்டார். அவர் மெடல்களை ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அதற்காக அன்றைக்கு முழுவதும் வருத்தப்பட்டார்.

பியூகிள் ஊதியபோது எல்லோரும் அசையாமல் நின்றார்கள். மாமனார் அட்டென்ஷனில். முழங்கால் எங்கே போனது என்று தெரியவில்லை, தூண் மாதிரி நின்றார். பெரியவள் கிசுகிசுப்பாக, "தாத்தா, சல்யூட் அடிக்கலையா?" என்று கேட்டாள். பதிலே இல்லை. முடிந்த பிறகுதான் சொன்னார், "தலையில தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கக் கூடாது." அவ்வளவு கண்டிப்பான குரலை நான் கேட்டு வருடங்கள் ஆகிறது.

வெளிச்சம் வந்ததும் மவுண்ட் கில்லன் நிறம் மாறியது. சாம்பல், ஊதா, செங்கல். அக்கா, வரிசை மாறவில்லை.

கொடிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பிறகு மாமனாரிடம் கோனிஸ்டன் பற்றிச் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், அன்றைக்குத்தான் சொன்னேன். நேர்கோடு சார் கோபப்படாதீர்கள். அவர் எதுவும் பேசவில்லை. "அந்த இடம் எவ்வளவு தூரம்?" என்றார். 250 கிலோமீட்டர், மண் சாலை என்றேன். "அப்போ வேண்டாம்" என்றார். கீழே இறங்கிக் காரில் ஏறி, ஓட்டலுக்கு வந்து, தோசை மாதிரி ஏதோ ஒன்றை அவருக்காகச் சுட்டு வைத்து, அவர் பாதி சாப்பிட்டிருப்பார். திடீரென்று, "முப்பத்தொண்ணா?" என்றார். அது அரசாங்கக் கணக்கு என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஆர்.எஸ்.எல். அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் இல்லை, இரண்டரை மணி நேரம். ஐஸ்கிரீம் இரண்டு ரவுண்டு.

நேர்கோடு:
கோபமெல்லாம் இல்லை அம்மா. என் தாத்தா பர்மாவில் இருந்தவர், எந்தக் கல்லிலும் அவர் பேர் கிடையாது. அதனால்தான் தூண் இருக்கிற இடத்தில் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. மாமனாருக்கு என் வணக்கம்.

மருதாணி:
தோசை மாதிரி ஏதோ ஒன்று என்றால் என்ன? ஊரில் இந்தியக் கடையே இருக்கிறதே, என்னைக் கேட்டிருக்கலாம்.

பனங்காய்:
அந்த முகவலை இன்னும் இருக்கிறதா அக்கா? நாங்கள் ஜூலையில் திரும்பப் போகிறோம், இந்த முறை அம்மாவோடு. தபாலில் அனுப்பினால் காசு தருகிறேன்.

கங்காரு கந்தசாமி:
ஜூலையில் வலை அவ்வளவாகத் தேவைப்படாது தம்பி. இரவில் நாலு டிகிரி, சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே. அம்மாவுக்கு ஒரு குரங்குக் குல்லா வாங்கிக்கொண்டு போங்கள்.